நூற்று நாற்பதாவது மீட்டர்

கல்லூரியின் பழைய கட்டடத்தில் புது நெட்வொர்க் கேபிள் போடும் வேலை. அவள் சுவர்த் துளைக்குள் கேபிளை விட்டாள். அடுத்த அறையில், கூட வேலை பார்க்கும் அண்ணன் பிடித்து இழுக்க வேண்டும். சுவரின் கனம் ஓரடிதான். கேபிள் சரசரவென்று உள்ளே போனது. புதுச் சுருளின் கேபிள் மேல் அச்சிட்டிருந்த மீட்டர் எண் நூற்று நாற்பதைத் தொட்டது.

போனில் அழைத்தாள். “போதும்ணே, நிறுத்துங்க.”

“எங்கம்மா, இந்தப் பக்கம் இன்னும் நுனியே வரலையே.”

கேபிள் நின்றது. பிறகு இரண்டு தடவை மெல்லச் சுண்டியது. வந்து சேர்ந்துவிட்டது என்று அப்படிச் சுண்டிக் காட்டுவது, போன வருடம் இங்கே ஏணியிலிருந்து விழுந்து இறந்த அவள் கணவனின் வழக்கம்.

“ரெண்டு தடவை சுண்டுதுண்ணே.”

“வெட்டிட்டு வெளியே வந்துரும்மா.”

கத்தரியை எடுத்தாள். வெட்ட மனம் வரவில்லை. பதிலுக்கு இரண்டு தடவை சுண்டினாள். கேபிள் மறுபடி உள்ளே போகத் தொடங்கியது. அவள் பிடியை விடவில்லை.