பிழியற மெஷின்

காரைத் துடைத்த ஈரத்துணியை, புது மெஷினின் இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டுக் கைப்பிடியைச் சுற்றினான் கணவன். தண்ணீர் கொட்டியது.

"கையால முறுக்கினா துணி கெட்டுடும்டி. அப்புறம் பெயின்ட்ல கீறல் விழும்."

"பத்து வருஷமா போர்வையெல்லாம் நான் கையாலதான் பிழியறேன். மணிக்கட்டுக்குப் பெயின்ட் அடிக்காம விட்டது என் தப்புதான்."

"போர்வையும் காரும் ஒண்ணா?"

மாடி வீட்டு ஜன்னல் திறந்தது. அவனுடைய மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, என் காரை இன்னுமா துடைக்கிறே?"

"இதோ முடிஞ்சுது சார்!" என்று குழைந்தான்.

ஜன்னல் மூடியதும், அவள் மெஷினைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, அதைக் கொடுடி! ப்ரமோஷன் லிஸ்ட் வர்ற நேரம்!"

"எனக்குப் போர்வை ஊறிக்கிட்டிருக்கு. நீங்க சட்டையைக் கழட்டித் துடைங்க, அவர் மனசு இன்னும் குளிரும்."