வராத கலர்

“என்ன அண்ணாச்சி இது? சாயம் போன துண்டு மாதிரி இருக்கு! இதை எப்படிச் செவுத்துல ஒட்டுறது?”

ஆனந்தகுமார் போஸ்டரை மேசையில் விரித்துப் போட்டான். பரளச்சியில் சாதிச் சங்கத்து இளைஞரணித் தலைவன் அவன். போன வருஷம் செத்துப்போன அய்யப்பனுக்கு முதலாமாண்டு நினைவஞ்சலி போஸ்டர். விடிந்தால் நினைவு நாள்.

அச்சக முதலாளி ராமசுப்பு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பையனின் முகம் அச்சு அசலாக வந்திருந்தது. ஆனால் சுற்றிலும் போட்டிருந்த சங்கத்துக் கலர் இரண்டும் சாம்பல் பூத்துக் கிடந்தன. எந்த இரண்டு கலர் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தில் கலரைப் பார்த்தே யார் போஸ்டர் என்று சொல்லிவிடுவார்கள். கிழிப்பதும் அதைப் பார்த்துத்தான்.

ராமசுப்புவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பாளையம்பட்டியில் அவருக்கு இருந்த ஒரே சொத்து, ‘ராமசுப்பு கடையில கலரு தப்பாது’ என்ற பேர்தான்.

“ஸ்டெல்லா, என்னம்மா இது?”

கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக்கொண்டிருந்த ஸ்டெல்லா திரும்பாமலே சொன்னாள். “ஓசி சாப்ட்வேர்தானண்ணே. திரையில தெரியிற கலரு அச்சு மையில வராது.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!” என்றான் ஆனந்தகுமார். “வேற எங்கயும் போய் அடிக்க நேரமில்ல. சாயந்தரம் வாரேன். கலரு பளிச்சுனு இருக்கணும். இல்லேன்னா எங்காளுக ஒருத்தரும் இனிமே இந்தக் கடைப் படி ஏற மாட்டாக.”

பைக்கை உதைத்துக் கிளம்பிப் போனான்.

அந்த ஓசி சாப்ட்வேரைக் கடைக்குள் கொண்டுவந்ததே ஸ்டெல்லாதான். திருட்டுக் காப்பியில் வேலை பார்க்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றவள். “இது சும்மா தர்றதுண்ணே. திருடினது இல்ல” என்றாள். அச்சுக்கு வேண்டிய நாலு மைகளைக் கலக்கும் கணக்கு அதில் சரியாக இல்லாமல் ஆரம்பத்தில் தடுமாறியது உண்மை. புது வெர்ஷனில் அதுவும் வந்துவிட்டது என்று சமீபத்தில் சிரிப்பும் பூரிப்புமாய்க் காட்டியவளும் அவள்தான்.

அந்த ஞாபகம் வந்ததும் ராமசுப்பு மூலையில் கிடந்த கட்டைப் பிரித்தார். மாதா கோயில் திருவிழா நோட்டீஸ். இதே கம்ப்யூட்டர், இதே மிஷின். மாதா போர்த்தியிருந்த நீலம் கண்ணைப் பறித்தது.

“இதுல மட்டும் எப்படி வந்துச்சு?”

ஸ்டெல்லா திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஒங்க மாதான்னா வரும், அடுத்தவுக வீட்டு எழவுன்னா வராதா?”

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? ஸ்டெல்லாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“கலரு வரும்ணே. நான்தான் வேணும்னே மங்க வச்சேன். ஏன்னு மட்டும் கேக்காதீக.”

“கேக்காம? எம் பேரையே கெடுத்துட்டு! நாளையிலருந்து நீ வர வேண்டாம்மா.”

“அந்தப் புள்ளைய வையாதீக மொதலாளி.”

வாசலில் வீரபாண்டி நின்றுகொண்டிருந்தார். செத்துப்போன அய்யப்பனின் அப்பா. மிளகாய்க் காட்டிலிருந்து நேரே பஸ் ஏறியிருப்பார் போல, காலெல்லாம் கரிசல் மண். உள்ளே வந்து, போஸ்டரில் மகன் முகத்தை மெல்லத் தடவினார்.

“மொகம் நல்லா வந்திருக்கு தாயி.” பிறகு ராமசுப்புவைப் பார்த்தார். “நான்தான் மங்க வைக்கச் சொன்னேன். யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிக்கிட்டேன்.”

“நீங்களா? எதுக்கு?”

“போன வருஷம் இந்தக் கலர்ல ஒட்டின போஸ்டரத்தான் எவனோ கிழிச்சான். ஏன் கிழிச்சேன்னு கேக்கப் போன எம் மகன் திரும்பி வரல. இப்ப அவன் மொகத்தைச் சுத்தியே அந்தக் கலரப் போடச் சொல்றாக. அதையும் எவனாச்சும் கிழிப்பான். கேக்கப் போறதுக்கு வீட்டுல எளையவன் இருக்கான்.”

ராமசுப்பு கண்ணாடியைக் கழற்றினார். “கலரு வேண்டாம்னு நீங்களே சொல்லிரலாமே?”

“சொன்னா, பெத்தவனே மகனை விட்டுக்குடுத்துட்டான்ம்பாக. எளையவனே எம் மொகத்துல முழிக்க மாட்டான். மிஷின்ல வரலேன்னா யாரு என்ன செய்வா? மிஷின்கூட எவனும் மல்லுக்கு நிக்க மாட்டான்ல.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அந்தக் கலரு இல்லேன்னா இது வெறும் எம் மகன் மொகம். இதை யாரும் கிழிக்க மாட்டாக.”

அவர் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார். ராமசுப்புவுக்கு ஸ்டெல்லாவை ஏறிட்டுப் பார்க்கவே கூசியது. அவிழ்த்த நோட்டீஸ் கட்டைத் தானே திரும்பக் கட்டி வைத்தார்.

சாயந்தரம் ஆனந்தகுமார் வந்தான். அதே போஸ்டர், அதே சாம்பல்.

“இன்னும் மாத்தலையா? வேலை தெரியாத பொம்பளைய உக்கார வச்சா இப்படித்தான்!”

ஸ்டெல்லா வாயைத் திறக்குமுன் ராமசுப்பு எழுந்துவிட்டார்.

“அந்தப் புள்ளையச் சொல்லாத தம்பி. எங்க கூடமே கோணல்தான். ஓசி சாப்ட்வேர் பாரு, அந்த ரெண்டு கலரு மட்டும் என் கடையில இனிமே வரவே வராது.”