ஆற அமர

"இன்னிக்கு அந்தப் பால்சாமிக்கு ஒரு முடிவு கட்டாம விடுறதில்ல," என்றார் விஜயபாண்டி.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. போடி ரயில் நிலைய வாசலில் ஐந்தாறு சைக்கிள்கள் நின்றன. குழுவின் பெயர் 'ஆற அமர சைக்கிள் நண்பர்கள்'. ஊரைச் சுற்றி, ஆற்றுப் பாலம் தாண்டி, மலையடிவாரத்து முந்தல் வரை வேடிக்கை பார்த்துக்கொண்டே போய்வர வேண்டும் என்றுதான் ஆரம்பித்தார்கள்.

தலைவராக விஜயபாண்டி வந்ததோடு ஆறவும் இல்லை, அமரவும் இல்லை. முப்பத்தைந்து வருடம் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து பிள்ளைகளை ஓடவிட்டவர். ஓய்வு பெற்ற பிறகு ஓடவிட ஆள் வேண்டாமா?

கூடவே ஒரு சட்டமும் போட்டிருந்தார். வழியில் யாரால் பயணம் நிற்கிறதோ, அவரைப் போட்டோ எடுத்து, 'தள்ளுவண்டி' என்று பட்டம் எழுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்கள்.

மூன்று வாரமாகப் பால்சாமிதான் தள்ளுவண்டி. மூன்று போட்டோவிலும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"முந்தல் ஏத்தத்துல, அந்தப் புளியமரத்துக்கிட்டப் போனா மட்டும் அவருக்குச் சங்கிலி கழலுது. அது எப்படி?" என்றார் விஜயபாண்டி.

"வயசாயிருச்சுல்ல சார்," என்றாள் வங்கியில் வேலை பார்க்கும் சுகன்யா.

"அவருக்கும் எனக்கும் ஒரே வயசும்மா! போடிமெட்டு மலைக்கு முப்பது வருசம் எஸ்டேட் ஆளுகளை ஏத்திக்கிட்டு ஜீப்பு ஓட்டினவரு. உக்காந்தே சோலி பார்த்த காலு, மிதிக்குமா? நேத்து நானே அவரு சைக்கிளைக் கடைக்குக் கொண்டு போயி புதுச் சங்கிலி மாட்டிட்டு வந்துட்டேன். இன்னிக்கும் கழலட்டும், பார்த்துக்கிறேன்."

பால்சாமி வந்து சேர்ந்தார். பின்னால் கேரியரில் எல்லோருக்குமான தண்ணீர்க் கேன்.

"சங்கிலி வெண்ணெயா ஓடுது சார்!" என்றார்.

கிளம்பினார்கள். முன்னால் விஜயபாண்டி, அவரை ஒட்டிப் பால்சாமி, பின்னால் மற்றவர்கள். ஆற்றுப் பாலத்தில் சுகன்யா மலையைப் படம் எடுக்க ஆசைப்பட்டாள். "மலை எங்கயும் போகாது, மிதி!" என்று விரட்டினார் தலைவர்.

ஏற்றம் வந்தது. புளியமரமும் வந்தது.

"சார், சங்கிலி கழண்டுருச்சு!"

விஜயபாண்டி இந்தத் தடவை ஏமாறவில்லை. சைக்கிள் கைப்பிடியில் கண்ணாடி மாட்டி வைத்திருந்தார். பால்சாமி இறங்கி, குனிந்து, நன்றாக இருந்த சங்கிலியை விரலால் தள்ளிவிட்டது அதில் அப்படியே தெரிந்தது.

"யோவ்! கையும் களவுமாப் பிடிச்சுட்டேன்! முடியலைன்னா முடியலைன்னு சொல்லணும். இப்படி ஆறு பேரை ஏமாத்துறதுக்கு வெக்கமா இல்ல?"

பால்சாமி தலையைச் சொறிந்தார்.

விஜயபாண்டி செல்போனை எடுத்து, அந்த இடத்திலேயே அவரைக் குழுவிலிருந்து நீக்கினார். போட்டோ எடுக்கும் பொறுப்பில் இருந்த அன்புச்செல்வனுக்கே பாவமாக இருந்தது.

"சரிங்க சார்," என்றார் பால்சாமி. முகம் சுண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்று அவருக்கு இருந்ததே இது ஒன்றுதான். "ஆனா நீங்க ஒரு அஞ்சு நிமிசம் நின்னுட்டுப் போங்க."

"நிக்கிறதா? முந்தல் வரைக்கும் இன்னிக்கு ஒரே மிதி!"

புளியமரம் தாண்டியது. அடுத்த வளைவும் தாண்டியது. அதற்கு அடுத்த வளைவில் விஜயபாண்டிக்கு நெஞ்சு அடைத்தது. தொடை கல்லானது. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. இறங்கிவிடலாம் என்றால், பின்னால் அன்புச்செல்வன். அவன் சட்டைப் பையில் செல்போன்.

என்ன செய்வார் மனிதர்? சாலையோரம் ஒதுங்கினார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, விரலால் சங்கிலியை ஒரு தள்ளு தள்ளினார்.

"அட... சங்கிலி... கழண்டுருச்சுப்பா..."

"அப்பாடா!" என்று மற்றவர்கள் அப்படியே சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அன்புச்செல்வன் தயங்கித் தயங்கிச் செல்போனை எடுத்தான். "சட்டம்னா சட்டம் சார்..."

"பொறுங்க தம்பி, பொறுங்க!"

கீழேயிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார் பால்சாமி. "தண்ணிக் கேனு என்கிட்டல்ல இருக்கு? அதான் வந்தேன்."

விஜயபாண்டிக்கு முதல் டம்ளரைக் கொடுத்தார். தொங்கிய சங்கிலியைப் பார்த்தார். தலைவரின் கறுத்துப்போன விரலையும் பார்த்தார். பிறகு அந்தச் சைக்கிளை மறைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

"இன்னிக்கு முதல்ல வண்டியை நிப்பாட்டுனது நான்தானே? என்னையவே எடுங்க தம்பி." அதே சிரிப்பு.

படம் எடுத்து முடிந்தது. பால்சாமி சங்கிலியை மாட்டக் குனிந்தார். பக்கத்தில் விஜயபாண்டியும் குனிந்தார்.

"யோவ் பால்சாமி," என்றார் மெதுவாக. "உனக்கு முடியாமத்தான் நின்னியா?"

"ஜீப்பு ஓட்டினவனுக்குச் சத்தத்துலயே தெரிஞ்சுரும் சார். ஏத்தத்துல வண்டி சூடாச்சுன்னா, நிப்பாட்டி ஆத்திட்டுத்தான் போகணும்."

"சைக்கிள் எங்கய்யா சூடாகுது? அதுல ஏது சத்தம்?"

பால்சாமி மற்றவர்களுக்குக் கேட்காதபடி இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"சைக்கிள் சத்தம் இல்லீங்க சார். உங்க மூச்சுச் சத்தம்."