எட்டு மணிக் கூட்டம்

எட்டு மணிக்கு வருவதாகச் சொன்ன பிரதேச சபை மெம்பர் ஆகிலாவை ஒன்பதே முக்கால் ஆகியும் காணவில்லை.

"பாத்தீங்களா, எலெக்சன்ல வெண்டு ரெண்டு மாசம் ஆகல்ல. அதுக்குள்ள நம்மளக் காக்க வைக்கப் பழகிட்டா," என்றார் ஒழுங்கைச் சங்கத் தலைவர் ஸலாஹுதீன்.

கல்முனையிலிருந்து வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கி தயார். சந்தியில் பந்தலும் தயார். ஆகிலாவுக்குப் போர்த்த வாங்கிய பொன்னாடையால் ஸலாஹுதீன் இரண்டு தடவை முகத்தைத் துடைத்துவிட்டார்.

விஷயம் இதுதான். அந்தக் குறுகிய ஒழுங்கையின் கடைசியில் ஒரு மதகு அடைத்துக் கிடக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் நேரே சபியா உம்மாவின் குசினிக்குள் போய் அடுப்பை அணைத்துவிடும். அதைச் சரிசெய்வோம் என்று வோட்டு வாங்கிப் போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. வெறுத்துப் போய்த்தான் இந்த முறை சுயேச்சையாக நின்ற ஆகிலாவைத் தெரிவு செய்தார்கள். நேரில் வந்து எல்லோருமாகச் சேர்ந்து செய்வோம் என்று அவரும் சொல்லியிருந்தார்.

செயலாளர் றிஸ்வான் ஆகிலாவுக்குப் போன் எடுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"நிப்பாட்டி வச்சிரிக்கா. பழைய ஆக்களாவது கொஞ்சக் காலத்துக்குப் பிறகுதான் போன நிப்பாட்டின."

ஸலாஹுதீனுக்குப் பொறுக்கவில்லை. மைக்கைப் பிடித்தார். பழையவர்களை வீட்டுக்கு அனுப்பியும் பிரயோசனமில்லை, பதவிக் கதிரை கிடைத்தால் எல்லோரும் ஒன்றுதான், மக்களின் நேரத்தை மதிக்காத எவருக்கும் இனி இந்த ஒழுங்கையில் ஒரு வோட்டும் கிடையாது என்று முழங்கினார். கைதட்டல் பலமாக இருந்தது. அடுத்த முறை யாரைப் போடலாம் என்று பாதிப் பேர் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அப்போதுதான் சபியா உம்மா வந்தார். முழங்கால்வரை சேறு. முக்காட்டிலும் சேறு.

"வாங்க ராத்தா. தண்ணிக்குள்ள கிடக்கிற ஆள் நீங்க. நாலு வார்த்த நீங்களே செல்லுங்க," என்று ஸலாஹுதீன் மைக்கை நீட்டினார்.

சபியா உம்மா அதைக் கையால் பொத்திக்கொண்டார்.

"முதல்ல இத நிப்பாட்டுங்க தம்பி. ஊருக்குக் கேக்கப் போகுது."

நிறுத்தினார்கள்.

"அந்தப் புள்ள சரியா எட்டு மணிக்கு மண்வெட்டியோட மதகடிக்கு வந்திட்டா. நீங்க ஒத்தரும் இல்ல. நானும் அவவும்தான் எறங்கினம். உள்ளுக்குள்ள அவ்வளவும் போன எலெக்சனுக்கு நீங்க கட்டின பேனர். இழுத்துப் போட்டதும் தண்ணி ஓடிட்டு. அவட போனும் அதோட போயிட்டு."

எட்டு மணிக் கூட்டம் என்றால் ஒன்பதரைக்குப் போனால் போதும் என்பது அவர்கள் காலாகாலமாகப் பழகியது. ஸலாஹுதீன் பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எங்களப் பத்தி என்னமும் சென்னாவா ராத்தா?"

"சனமெல்லாம் எங்க எண்டு கேட்டா. ஊர்ர மானம் போகப்படாதெண்டு ஒரு பொய்யச் சென்னன், அல்லாஹ் மன்னிக்கோணும். எல்லாரும் ஏழு மணிக்கே வந்து காத்திருந்திட்டு வேலைக்குப் போயிட்டாங்க எண்டன். பாவம், புள்ளட முகம் வாடிப் போச்சி. ஒங்களக் காக்க வச்சதுக்கு மன்னிப்புக் கேக்கச் சென்னா. நாளைக்கி அடுத்த மதகுக்கு ஆறரைக்கே வாறாவாம்."