கோள் சொல்லும் பெட்டி

“இந்த வீட்டுல கரண்டைத் திங்கிறது யாரு?”

மாமியார் பொதுவாகத்தான் கேட்டார். ஆனால் எல்லோருடைய கண்ணும் சமையலறை மூலையில் இருந்த மருமகளின் ஓவன் மேல் போய் நின்றது. அவள் அதில் கேக் செய்து கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அது ஒன்றுதான் அந்த வீட்டில் அவளுக்கே அவளுக்கென்று இருந்த பொருள்.

“பேசாம அதை வித்துடலாம்,” என்றார் மாமியார்.

“ஒரு மாசம் பொறு,” என்றார் மாமனார். “கரண்ட் ஆபீஸும் யுனிவர்சிட்டியும் சேர்ந்து ஏதோ ஆராய்ச்சி பண்றாங்களாம். மின்சாரத்தை எப்படி மிச்சம் பிடிக்கலாம்னு பார்க்க, நம்ம தெருவுல வீட்டுக்கு வீடு பெட்டி மாட்டப் போறாங்க. ஓவன்தான் காரணம்னா தெரிஞ்சுடும். அப்புறம் விக்கலாம்.”

மறுநாளே ஆராய்ச்சி மாணவி ஒருத்தி வந்து கூடத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினாள். அதில் எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. ஒரே ஒரு பச்சை விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

“எதை எவ்வளவு நேரம் போடுறீங்கன்னு இது கவனிக்கும்,” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். மருமகள் அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டு, கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்தாள்.

“இதை எப்படிப் படிக்கிறதுன்னு கேட்டுக்கிட்டியா?” என்றார் மாமியார்.

“அது மினுக்குறதுல ஒரு கணக்கு இருக்கு அத்தை,” என்றாள் மருமகள்.

அன்று சாயங்காலம் பெட்டி முன்னால் போய் நின்றாள். அதை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு திரும்பி, கணவனின் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

“ஆபீஸ் வேலைன்னு கதவைச் சாத்திக்கிட்டீங்க. கம்ப்யூட்டர்ல வேற என்னமோ ஓடியிருக்கு போலிருக்கே?”

“ஒரே ஒரு கேம்தான்டி! அதுகூடவா காட்டுது?”

அடுத்த நாள் மாமனாரின் முறை. “மாமா, இன்னைக்கு ஹீட்டர் கொஞ்சம் அதிகமோ?”

“முதுகுவலிம்மா. சுடுதண்ணியில நின்னா இதமா இருந்துச்சு. அப்படியே நின்னுட்டேன்.” மறுநாளிலிருந்து அவர் பச்சைத் தண்ணீரில் குளித்தார். முதல் சொம்புக்கு அவர் போட்ட கூச்சல் எதிர்வீட்டுக்குக் கேட்டது.

மூன்றாவதாகப் பெட்டி மாமியாரிடம் வந்தது. “அத்தை, மாமா லைப்ரரிக்குப் போனப்புறம் உங்க ரூம்ல ஏசி...”

“சித்த நேரம் கண்ணசந்தேன். அதுக்கு என்ன இப்போ?”

மாமனார் பேப்பரை இறக்கினார். “ஏசி காத்து மூட்டுக்கு ஆகாதுன்னு ராத்திரியெல்லாம் என்னை வேகவைக்கிறவ நீதானே?”

மறுநாள் மத்தியானம் மாமியார் நாற்காலி மேல் ஏறி, பெட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, நிம்மதியாகப் போய்ப் படுத்தார்.

சாயங்காலம் மருமகள் துண்டை எடுத்து மடித்தாள். “மூடினாலும் அதுக்குத் தெரியும் அத்தை.”

அதோடு வீடே அடங்கிவிட்டது. கணவன் சீட்டுக்கட்டை எடுத்து வைத்துக்கொண்டு தனியாக விளையாடினான். மாமியார் அட்டையால் விசிறிக்கொண்டே பெட்டியை முறைத்தார். ஓவன் மட்டும் வழக்கம்போல ஓடியது.

மாதம் முடிந்ததும் மாணவி வந்தாள். எல்லோரும் கூடத்தில் கூடினார்கள்.

“ஓவன் எவ்வளவு இழுத்துச்சு? அதை மட்டும் சொல்லு,” என்றார் மாமியார்.

“அதைத் தனியா சொல்ல முடியாதும்மா. ஆனா வாசல் மீட்டர்படி உங்க வீட்டுச் செலவு பாதியாக் குறைஞ்சிருக்கு.”

“ஓவன் தினமும் ஓடுச்சே!” என்றார் மாமனார். “அப்படின்னா காரணம் அது இல்ல. விக்கிற பேச்சை இனி யாரும் எடுக்காதீங்க.”

மருமகள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஆனா எங்க புரொபசர்தான் தலையைப் பிச்சுக்கிறார்,” என்றாள் மாணவி. “நிஜப் பெட்டி வெச்ச வீட்டுல கூட இவ்வளவு குறையல. இங்க எப்படிக் குறைஞ்சுதுன்னே புரியல.”

“நிஜப் பெட்டியா? அப்போ இது?”

மாணவி பெட்டியைக் கழற்றித் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு பேட்டரி, ஒரு குட்டி பல்பு. வேறு ஒன்றும் இல்லை.

“ஒப்பிட்டுப் பார்க்கறதுக்காகப் பாதி வீட்டுக்கு வெறும் பெட்டி மாட்டினோம். உங்களுக்கு வந்தது வெறும் பெட்டி. முன்னாடியே சொல்லக் கூடாது, மன்னிச்சுக்கோங்க.”

கணவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். “அன்னைக்கு வாசல்ல இவகிட்ட நீங்க எதுவும் சொல்லித்தரலையா?”

“இல்லையே. என் பொறந்தநாள் எப்போன்னு கேட்டு, கேக்குக்கு ஆர்டர் வாங்கிக்கிட்டாங்க.”

மாமியார் மெதுவாக மருமகள் பக்கம் திரும்பினார்.

“அப்போ என் ஏசியையும் இவர் ஹீட்டரையும் உனக்குச் சொன்னது யாரு?”

“நான் சும்மாதான் கேட்டேன் அத்தை. நீங்கதான் சொன்னீங்க.”

மாமியார் எழுந்து உள்ளே போனார். போகிற போக்கில் கூடத்து மின்விசிறியை அணைத்துவிட்டுப் போனார். மற்ற எல்லோரும் அதன் கீழேதான் உட்கார்ந்திருந்தார்கள்.