அணைத்த அடுப்பு

மலையூரின் காலை வெயில் விடுதியின் சாப்பாட்டு அறைக்குள் இப்போதுதான் எட்டிப்பார்க்கிறது. விடுதிக்காரி நுன்சியா காபியை அடுப்பில் ஏற்றிவிட்டு எனக்கு ரொட்டி அறுக்கிறாள். அவள் கணவன் கலோஜெரோ பாதாம் மூட்டை ஏற்றிவர, மூன்று சக்கர வண்டியில் பள்ளத்தாக்குக்கு இறங்கியிருக்கிறான். கதவைத் தள்ளிக்கொண்டு எதிர்வீட்டு ஃபிலிப்பா வருகிறாள். தலையில் கறுப்புச் சால்வை, கையில் துணி சுற்றிய சூப்புப் பானை. "என்னடி, என் கையால சாப்பிட்டா விருந்தாளி ஓடிடுவார்னு பயமா?" என்று நுன்சியா சிரிக்கிறாள். ஃபிலிப்பா பானையை மேசைமேல் வைத்துவிட்டு, நேரே போய் அடுப்பை அணைக்கிறாள். இங்கே சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. அக்கம்பக்கம்தான் ஆக்கிக் கொண்டுவரும். நுன்சியாவின் சிரிப்பு முகத்திலேயே உறைந்து நிற்கிறது. ரொட்டியில் பாதி இறங்கிய கத்தியில் வெயில் மினுங்குகிறது. "யாருக்குடி?" ஃபிலிப்பா அடுப்பைவிட்டுப் பின்வாங்குகிறாள். "ஐயோ, போலீஸ்காரங்க வந்து சொல்லலையா? வளைவுல வண்டி..." வெளியே மேட்டில் ஒரு ஜீப் முக்கி முனகி ஏறிவரும் சத்தம் கேட்கிறது. நுன்சியா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தீக்குச்சியை உரசி, அடுப்பை மறுபடி பற்றவைக்கிறாள். "அவர் மூட்டையோட வர்றப்போ காபி சூடா இருக்கணும்," என்கிறாள்.