நிற்காமல் வரும் புள்ளி

புள்ளி அடிவாரத்தைத் தாண்டிவிட்டது.

அவள் போனை முகத்தருகே கொண்டுவந்து பார்த்தாள். ஆமாம், தாண்டித்தான் விட்டது. திரையில் மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறியது. வீரணனின் முகம் போட்ட சின்ன வட்டம் இரண்டாவது வளைவில் இருந்தது.

நிற்கவே இல்லை.

மலைமேல் பதிவாளர் அலுவலக வாசலில், கழுத்தில் புதுத் தாலியோடு உட்கார்ந்திருந்தாள். விடிகாலையில் முருகன் கோவிலில் கல்யாணம் முடிந்துவிட்டது. பதிவு மட்டும் பாக்கி. அதற்கு மூன்று சாட்சி வேண்டும். இரண்டு பேர் வந்து, உள்ளே மாப்பிள்ளை பூவரசனோடு வரிசையில் நிற்கிறார்கள். மூன்றாவது ஆள் வீரணன். இவளுக்கும் பூவரசனுக்கும் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். வேன் ஓட்டுகிறான். காலையில் கிளம்பும்போதே அவனும் அவளும் இருக்குமிடத்தைப் போனில் பகிர்ந்துகொண்டார்கள். அவள் நகர்ந்தால் அவனுக்குத் தெரியும், அவன் நகர்ந்தால் அவளுக்கு.

அட, எனக்காகத்தான் இப்படிப் பறந்து வருகிறான் என்று முதலில் நினைத்தாள். சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகுதான் கருப்பசாமி ஞாபகம் வந்தது.

அடிவாரத்தில் கருப்பசாமி இருக்கிறார். அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் எந்த டிரைவரும் மலை ஏறமாட்டான். அதிலும் வீரணன் இருக்கிறானே, செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, சூடம் ஏற்றி, ஸ்டியரிங்குக்கும் விபூதி பூசிவிட்டுத்தான் வண்டியை எடுப்பான். ஒருமுறை பிரசவ வலியில் துடித்த பெண்ணைப் பின்னால் வைத்துக்கொண்டே நிறுத்தினான். அவளுடைய மாமியார் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறாள். "கருப்பன் வழிவிடாம நான் எப்பிடித்தா ஏத்துறது?" என்றானாம், மடையன்.

அவன் நிற்காமல் வருகிறான்.

மூன்றாவது வளைவு.

கூப்பிட்டாள். ரொம்ப நேரம் மணி அடித்த பிறகு எடுத்தான்.

"எங்கடா இருக்க?"

"கருப்பசாமிகிட்டதான் பிள்ள நிக்கிறேன். சூடம் ஏத்திட்டு வந்துர்றேன். நீங்க ரெண்டு பேரும் அங்கனயே இருங்க. எங்கயும் போயிராதீங்க."

வண்டி கியர் மாறி முக்கிக்கொண்டு ஏறும் சத்தம் கேட்டது. வளைவில் ஹாரன் அடித்தது.

"சரிடா" என்றாள்.

பொய் சொல்கிறான். அவன் எங்கே வருகிறான் என்று அவளுக்குத் தெரியும் என்பது தெரிந்தே சொல்கிறான்.

வேனில் அவன் பக்கத்தில் அவளுடைய அண்ணன் உட்கார்ந்திருக்கிறான்.

வேறு யார்? அவளை வெட்டிப் போடாமல் வீட்டுப் படி மிதிக்கமாட்டேன் என்று ஊர் நடுவில் நின்று சொன்னவன். சித்தப்பா பையன்களும் பின்னால் இருப்பார்கள். வீரணனின் போன் அவர்கள் கையில். அதில் அவளுடைய புள்ளி, இந்த வாசலில்.

அணைத்துவிட விரல் போனது.

ஐயோ, அணைத்தால்?

புள்ளி மறையும். மறைந்த அடுத்த நொடி, வீரணன்தான் துப்புக் கொடுத்தான் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் அந்த வேனுக்குள் என்ன நடக்கும் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

உள்ளே ஓடினாள். பூவரசனின் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்துவந்து சொன்னாள். அவன் வாசலை எட்டிப் பார்த்தான்.

"போனத் தூக்கி எறிஞ்சுட்டு வா, ஓடிருவோம்."

"ஒடைஞ்சு ஆஃப் ஆயிட்டா அவனக் கொன்னுருவாங்கப்பா."

மற்ற இருவரிடமும் கிளம்பிவிடச் சொன்னார்கள். ஏன் எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை.

அலுவலகத்தை ஒட்டி ஒரு ஜெராக்ஸ் கடை. அவள் சிரிக்க முயன்றாள்.

"அண்ணே, செத்த நேரம் சார்ஜ் போட்டுக்கிறட்டுமா?"

"போட்டுக்கம்மா. மூணாவது சாட்சி இன்னும் வரலையா?"

"வந்துக்கிட்டே இருக்காருண்ணே."

சொருகினாள். கடைசியாக ஒருதடவை பார்த்தாள். எட்டாவது வளைவு. வட்டத்துக்குள் வீரணன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். போன வருஷம் திருவிழாவில் அவள்தான் எடுத்த படம்.

போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

போலீஸ் ஸ்டேஷன் அடுத்த தெருவில், மேட்டில். கடைத்தெரு முடியும்வரை ஓடாமல் நடந்தார்கள். ஓடினால் ஆட்கள் பார்ப்பார்கள், வருகிறவர்களிடம் சொல்வார்கள். ஒவ்வொரு ஹாரன் சத்தத்துக்கும் அவள் உடம்பு தூக்கிப்போட்டது. மேடு வந்ததும் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடினாள்.

ஸ்டேஷனில் பெண் எஸ்.ஐ. ஒருவர் இருந்தார். தாலியைப் பார்த்தார். பூவரசனைப் பார்த்தார். இந்த மாதிரி எத்தனை ஜோடியைப் பார்த்திருப்பாரோ, பெருமூச்சு விட்டுக்கொண்டே பேப்பரை எடுத்தார்.

"அழாத. மொதல்ல உன் பேரச் சொல்லு."

அவள் வேன் நம்பரைச் சொன்னாள்.

"உன் பேரக் கேட்டேன்மா."

"வேன ஓட்டுறவன் பேரு வீரணன் மேடம். எங்க அண்ணன்ங்க அவன மிரட்டிக் கூட்டிட்டு வர்றாங்க. நாங்க இங்க வந்தாச்சு, எங்களுக்கு ஒண்ணும் இல்ல. அந்த இடத்துல எங்களக் காணோம்னா அவன உயிரோட விடமாட்டாங்க மேடம். மொதல்ல அந்த வண்டிய மறிங்க."

எஸ்.ஐ. எழுந்துவிட்டார். வயர்லெஸ் மைக்கைக் கையில் எடுத்தார்.

"வண்டி இப்ப எங்க வருது?"

அவள் கை தானாகப் பையைத் துழாவியது. சைடு ஜிப்பைத் திறந்து பார்த்தது.

பிறகு நின்றது.

"எட்டாவது வளைவு" என்றாள். "நான் பாக்கும்போது... எட்டாவது வளைவுல இருந்தான் மேடம்."